நடு எங்கே இருக்கிறது? பாம்பன் கரையிலிருந்து ஒரு பார்வை

போன தை மாதம் பாம்பன் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும், கழற்றி வைத்திருந்த தாத்தா படத்தை மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. கூடத்துச் சுவரில் இடது பக்கம் ஆளுயர இரும்பு பீரோ. வலது பக்கம் சின்ன சாமி அலமாரி. இரண்டுக்கும் நடுவில் படம் வர வேண்டும். அம்மா கீழே நின்று “இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், போதும், போதும்” என்று சொல்ல, நான் ஸ்டூலில் ஏறிப் பென்சிலால் குறி வைத்தேன். ஆணி அடிக்கும் முன் ஒரு சந்தேகம் வந்து டேப்பை எடுத்து அளந்தேன். குறி இரண்டு விரல் அளவு அலமாரிப் பக்கம் தள்ளியிருந்தது.

சரி, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவன் சொன்ன இடமும் அலமாரிப் பக்கமே. பிறகு நானே இறங்கி வந்து வாசலில் நின்று பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. கடைசியில் டேப் சொன்ன இடத்தில் ஆணியை அடித்துப் படத்தை மாட்டினோம். மாட்டியதும் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம்: தாத்தா பீரோ பக்கம் ஒதுங்கி நிற்கிறார்.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கெட்டுப்போகாது. ஒரே திசையில் மூவரும் தவறினால், அந்தத் தவறுக்குள் ஏதோ ஒழுங்கு இருக்கிறது. அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, எங்கள் கடலோரத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்த பல விஷயங்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன.

இந்தக் கேள்வியை முதலில் முறையாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மார்க் பால்ட்வின் என்ற அமெரிக்க உளவியலாளர். 1895இல், தான் சேர்ந்து தொடங்கிய ‘சைக்கலாஜிக்கல் ரிவ்யூ’ இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சமமில்லாத இரண்டு சதுரங்களை ஒருவருக்குக் காட்டி, அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியின் மையம் எது என்று கேட்பதுதான் சோதனையின் சாரம். சதுரங்களின் அளவு வித்தியாசம், பார்ப்பவர் காட்டும் மையத்தைத் தள்ளிவிடுகிறது. இடைவெளியில் எந்த மாற்றமும் இல்லை. இரு ஓரத்திலும் நிற்பவைதான் மாறுகின்றன. எங்கள் பீரோவும் அலமாரியும் அவருடைய இரண்டு சதுரங்கள்.

பால்ட்வின் பெயரில் இன்றும் ஒரு தோற்ற மயக்கம் இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் ஐந்து சென்டிமீட்டர் கோடு இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடுங்கள். மேல் கோட்டின் இரு முனையிலும் பெரிய பெட்டி, கீழ்க் கோட்டின் இரு முனையிலும் சின்னப் பெட்டி வரையுங்கள். பெரிய பெட்டிகளுக்கு நடுவே மாட்டிய கோடு குட்டையாகத் தெரியும். அளந்து பார்த்த பிறகும் குட்டையாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டதால் மயக்கம் தெளிவதில்லை, இதுதான் என்னை ரொம்பவும் உலுக்கிய விஷயம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இப்படிப்பட்ட படங்கள் வரிசையாக வந்தன. பெரிய வட்டங்கள் சூழ்ந்த வட்டம் சிறுத்தும், சின்ன வட்டங்கள் சூழ்ந்த அதே வட்டம் பெருத்தும் தெரிகிற படம் எபிங்ஹாஸ் பெயரில் வழங்குகிறது. 1889இல் முல்லர்-லையர், சிறகு முளைத்த கோடுகளை வெளியிட்டார். சிறகு வெளிப்பக்கம் விரிந்தால் கோடு நீளும், உள்பக்கம் மடங்கினால் குறுகும். பத்து வருடம் கழித்து ஜட் என்பவர் இரண்டையும் ஒரே கோட்டில் சேர்த்தார். ஒரு முனையில் வெளியே விரிந்த சிறகு, மறுமுனையில் உள்ளே மடங்கிய சிறகு. இப்போது கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால் கை வெளிச்சிறகு இருக்கும் பக்கமாகத் தள்ளிக் குறிக்கிறது. நீளத்தில் ஏற்பட்ட மயக்கம் இடத்தில் ஏற்பட்ட மயக்கமாக மாறிவிட்டது. என் பார்வையில், முல்லர்-லையரை விட ஜட் செய்ததுதான் முக்கியமானது. கோடு நீளமா குட்டையா என்பதால் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதில் பிசகினால் கை தவறும், கால் தவறும், படகு தரை தட்டும்.

சரி, கண் ஏன் இப்படிச் செய்கிறது?

நாம் நினைப்பது போலக் கண் எல்லா இடத்தையும் ஒரே கூர்மையோடு பார்ப்பதில்லை. கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். அந்த நகம் மறைக்கும் அளவுக்குத்தான் நம்முடைய கூர்மையான பார்வை. விழித்திரையின் நடுவில் இருக்கும் மையக்குழி அவ்வளவு சின்னது. அதைச் சுற்றிப் போகப் போக, ஒவ்வொரு நரம்புச் செல்லும் அகலமான ஒரு பரப்பைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அந்தப் பரப்புக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் கலந்து ஒரே தகவலாக அனுப்புகிறது. ஓரப் பார்வையில் ஒரு சின்னப் பொருளும் ஒரு பெரிய பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சின்னது தனியாக நிற்காது. பெரியதோடு கரைந்துபோகும்.

அதனால்தான் கண் ஓயாமல் தாவுகிறது, ஒரு நொடிக்கு மூன்று நான்கு தடவை. அந்தத் தாவலும் சுத்தமாக விழுவதில்லை. 1982இல் ஜான் ஃபிண்ட்லே என்ற ஆய்வாளர், அருகருகே இரண்டு குறிகளைத் திடீரென்று காட்டினால் கண் எங்கே போய் விழுகிறது என்று அளந்தார். முதல் தாவல் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் போய் விழுந்தது. ஒன்று பெரிதாக இருந்தால், விழும் இடம் அதன் பக்கமாக இழுபட்டது. தராசில் கனமான தட்டு இறங்குவது போல.

இதை ஒருநாள் சாயங்காலம் நேரிலேயே உணர்ந்தேன். பொழுது சாய்ந்த பிறகு வடகடலில் நண்டு வலை மிதப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தெர்மாகோல் துண்டு, தேங்காய் அளவு. கொஞ்சம் தள்ளி ஒரு விசைப்படகு நங்கூரம் போட்டுக் கிடந்தது. ஓரக்கண்ணில் வெள்ளையாக ஏதோ தட்டுப்படும். திரும்பினால் பார்வை படகின் பக்கவாட்டுப் பலகையை ஒட்டிப் போய் நிற்கும், மிதப்பு இருக்காது. மறுபடி தேடி, மறுபடி அதே கதை. படகை ஒரு கையால் மறைத்துக்கொண்டு பார்த்ததும் மிதப்பு உடனே கிடைத்தது. நான் ஏதோ தந்திரம் கண்டுபிடித்ததாக நினைத்தேன். கூட வந்த மாமாவுக்கு அது பழைய பழக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய பொருள் இரண்டு விதமாக வேலை செய்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்று, இழுப்பு: கண்ணும் கவனமும் பெரியதன் பக்கம் சாய்கின்றன. இன்னொன்று, ஒப்பீடு: பெரிய பீரோவை ஒட்டி இருக்கும் காலியிடம், பீரோவின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுவதால் சுருங்கித் தெரிகிறது. சின்ன அலமாரியை ஒட்டி இருக்கும் காலியிடம் தாராளமாகத் தெரிகிறது. சுருங்கிய பாதியை ஈடுகட்டத்தான் நாங்கள் குறியை அலமாரிப் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும். பொருளின் அளவு, இடைவெளியின் அளவு இவற்றின் விகிதத்தைப் பொறுத்து ஒரு சமயம் இது ஓங்கும், ஒரு சமயம் அது ஓங்கும். பால்ட்வின் படத்தை வைத்துப் பின்னால் சோதித்தவர்கள் இரண்டு போக்கையும் அதில் கண்டிருக்கிறார்கள். ஆகவே ‘பெரியது எப்போதும் இழுக்கும்’ என்றோ ‘எப்போதும் தள்ளும்’ என்றோ ஒரே வரியில் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அளவு மூளைக்குள்ளேயே மாறிவிடுகிறது என்பதற்கு நல்ல சான்று 2006இல் கிடைத்தது. ஸ்காட் முர்ரே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு நீண்ட நடைபாதைப் படத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பந்துகளை வைத்தார்கள். ஒன்று கிட்டே இருப்பது போல, ஒன்று தூரத்தில் இருப்பது போல. விழித்திரையில் இரண்டும் ஒரே அளவு. ஆனால் தூரத்துப் பந்து பெரிதாகத் தெரிந்தது. மூளையின் பின்பக்கம், காட்சித் தகவல் முதலில் வந்து சேரும் முதன்மைப் பார்வைப் புறணியில், அந்தப் பந்து அதிகப் பரப்பைப் பிடித்திருந்தது. ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தூண்கள் குறுகிக் குறுகிப் போகும் அந்த நீளத்தில், கடைசியில் யாராவது ஒரு ஆள் குறுக்கே நடந்தால் அவர் நல்ல உயரமான ஆள் போலத்தான் மனசில் பதிகிறார். பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தூணின் ஒரு பூ வேலைப்பாடு கண்ணுக்கு அவரை விடப் பெரிதாக இருக்கும், ஆனால் யாரும் அப்படி நினைப்பதில்லை. மூளை தூண்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது.

இன்னொரு சோதனை இந்தக் கரைக்கே பொருத்தமானது. தனுஷ்கோடி சாலையில் இரண்டு பக்கமும் கடல் வரும் இடத்தில், கட்டடமோ மரமோ மறைக்காத வானத்துக்குக் கீழே நில்லுங்கள். கடல் விளிம்புக்கும் தலைக்கு நேர் மேலே இருக்கும் உச்சிக்கும் சரி பாதி எது என்று தோன்றுகிறதோ, அந்த இடத்தைக் கையால் சுட்டுங்கள். சரியான விடை 45 பாகை. செல்போனில் சாய்வு பார்க்கும் வசதி இருந்தால் கையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். எனக்கு 31 வந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1738இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இந்தப் பாதி 23 பாகை அளவில்தான் வருவதாக எழுதினார். அதாவது வானம் நமக்கு அரைக்கோளமாகத் தெரிவதில்லை, கவிழ்த்து வைத்த தட்டையான சட்டி போலத் தெரிகிறது. விளிம்புப் பக்கம் படகு, அலை, தீவு, மேகத் திரள் என்று பொருள்கள் நிறைந்து கிடக்கின்றன. உச்சியில் ஒன்றுமே இல்லை. பொருள் நிறைந்த இடம் அகலமாகத் தோன்றுகிறது, காலி இடம் சுருங்கிவிடுகிறது. அக்னி தீர்த்தக் கரையில் பௌர்ணமி நிலா கிளம்பும்போது அண்டா மாதிரி தெரிவதையும், நடு இரவில் அதே நிலா காசு மாதிரி ஆவதையும் இதோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். நிலாவின் அகலம் இரண்டு நேரத்திலும் கிட்டத்தட்ட அரைப் பாகைதான்.

நிலா ஓடுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மேகம் நகர, நிலா ஓடுவதாகத் தெரிகிறது. கார்ல் டங்கர் 1929இல் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். சட்டத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் அசையாத புள்ளி நகர்வதாகத் தெரியும். பெரியது நிலையானது, சின்னதுதான் நகரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறது.

இப்போது மாமாவிடம் வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

அம்மாவுடைய தம்பி. நாற்பது வருடத்துக்கு மேலாகக் கடலுக்குப் போகிறவர். தென்கடலில் சில பார்கள் அவருக்கு மனப்பாடம். பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத்திட்டு, அதை ஒட்டி மீன் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். ஒரு நாள் அவரோடு வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், போனபோது, எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“லைட் ஹவுஸ் அந்த ஒத்தப் பனைக்குப் பின்னால ஒளியணும் மாப்ளே. இன்னும் ஒளியல, பாரு. இடது பக்கம் ஒரு கீற்று வெள்ளை தெரியுது.”

கொஞ்சம் துடுப்பு போட்டார். வெள்ளைக் கீற்று மறைந்தது. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பி, தீவின் முனையையும் அதற்குப் பின்னால் நின்ற ஒரு கோபுரத்தையும் பார்த்தார். அவை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்ததும் நங்கூரக் கல்லைக் கீழே விட்டார். தூண்டில் இறங்கிய சில நிமிடத்தில் மீன் கடித்தது.

குமரிக் கரையில் இந்த முறைக்குக் கணியம் என்று பெயர். எங்கள் வீட்டில் அடையாளம் பிடிப்பது என்றுதான் சொல்வார்கள். கிட்டே ஒரு குறி, அதே திசையில் எட்டே ஒரு குறி. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்போது நாம் ஒரு கோட்டின் மேல் இருக்கிறோம். வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். இரண்டு ஜோடியும் செங்கோணத்துக்குப் பக்கமாக அமைந்தால் இடம் கச்சிதமாக விழும், ஒட்டி ஒட்டி அமைந்தால் நழுவும்.

சின்ன வயதில் இதை ஒரு சாமர்த்தியமாக மட்டும் நினைத்திருந்தேன். பால்ட்வின், ஜட் எல்லாம் படித்த பிறகுதான் இதன் அறிவு புரிந்தது. மாமா நினைத்திருந்தால் ‘தீவுக்கும் டவருக்கும் சரி பாதியில் நிற்கணும்’ என்று வைத்திருக்கலாம். ‘லைட் ஹவுஸிலிருந்து பனை எவ்வளவு தள்ளி இருக்கிறது’ என்று வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் தீவின் பருமன், டவரின் உயரம், நடுவில் வந்து நிற்கும் படகுகள் எல்லாம் கண்ணைக் கெடுத்துவிடும். அவருடைய முறையில் கண்ணிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: இரண்டும் ஒன்றாகிவிட்டதா, இல்லையா?

அந்தக் கேள்விக்கு மனிதக் கண் அசாத்தியமாகப் பதில் சொல்கிறது. இரண்டு மெல்லிய கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று நேராக நிற்கின்றனவா, துளி விலகியிருக்கின்றனவா என்று கண்டுபிடிப்பதில் நம் கண்ணின் துல்லியம், நல்ல வெளிச்சத்தில் ஆய்வுக்கூடத்தில் ஐந்து விகலை வரை போகிறது. ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு விகலை. விழித்திரையின் நடுவில் ஒளியை உணரும் ஒரு கூம்பு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடைவெளியே சுமார் முப்பது விகலை இருக்கும். செல்லின் அகலத்தில் சிறு பங்கு விலகலைக்கூடக் கண் பிடித்துவிடுகிறது, பல செல்களின் தகவலைச் சேர்த்து மூளை செய்யும் வேலை இது. ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் என்ற அறிஞர் 1970களில் இதற்கு அதிகூர்மை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஐந்து விகலை என்றால், ஒரு கிலோமீட்டர் தள்ளி இரண்டரை சென்டிமீட்டர் விலகல்.

கடலில் அலை ஆட்டும், வெயில் கானல் அடிக்கும், பனை ஒன்றும் மெல்லிய கோடு கிடையாது. ஆகவே மாமாவின் துல்லியம் பத்து மடங்கு மோசம் என்றே வைத்துக்கொள்வோம், ஐம்பது விகலை. பனை இரண்டு கிலோமீட்டர் தூரம், பின்னால் இருக்கும் குறி ஆறு கிலோமீட்டர் தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வல்லம் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டு குறிகளுக்கும் இடையில் 69 விகலை விலகல் வருகிறது. அப்படியானால் ஒரு மீட்டர் நகர்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். இதே தூரத்தில் இருபது பாகை அகலமான ஒரு இடைவெளியின் நடுவைக் கண்ணால் மதிப்பிட்டு, நூற்றில் ஒரு பங்கு மட்டும் பிசகினால்கூட 720 விகலை தவறு. பத்து மடங்குக்கும் மேல். பெரியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. எந்தக் கேள்விக்குக் கண் பொய் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று தலைமுறை தலைமுறையாகக் கடலில் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். துறைமுகங்களில் கப்பல் உள்ளே வரும் பாதையைக் காட்ட, முன்னும் பின்னுமாக, ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இரண்டு விளக்கு வைப்பதும் இதே அறிவுதான். விளக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நின்றால் பாதை சரி.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. சாய்ந்து போகும் ஒரு கோட்டுக்கு நடுவே அகலமான பட்டை ஒன்று குறுக்கே நின்று மறைத்தால், இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் சேராத மாதிரி தெரியும். போகெண்டார்ஃப் பெயரில் 1860இலிருந்து அறியப்படும் மயக்கம் இது. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றுகொண்டு, ஒரு தடித்த தூணுக்குப் பின்னால் சாய்ந்து போகும் கயிற்றையோ கம்பியையோ பாருங்கள், இரண்டு தனிக் கயிறு போலத் தோன்றும். நிமிர்ந்து நிற்கும் கோடுகளில் இந்த மயக்கம் மிகவும் குறைந்துவிடுகிறது. பனை, கோபுரம், விளக்குக் கூண்டு, டவர் என்று மாமா தேர்ந்தெடுத்த குறிகள் பெரும்பாலும் ஒல்லியாக, நெட்டுக்குத்தாக நிற்பவை. அகலமான மணல்மேட்டை அவர் குறியாக எடுத்து நான் பார்த்ததில்லை. தீவை எடுத்தாலும் அதன் முனையைத்தான் எடுப்பார், தீவின் நடுவை எடுக்கமாட்டார்.

பெரிய பொருள்களில் இன்னொரு வகை இருக்கிறது, நம்மைச் சுற்றி நிற்கும் சட்டம். 1935இல் ரோலோஃப்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் எழுதியது. இருட்டில் ஒரு ஒளிச்சட்டத்தை நமக்கு நேராக வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால், ‘எனக்கு நேர் எதிர்’ என்ற உணர்வே சட்டத்தின் பக்கம் நகர்கிறது. அதனால் சட்டத்துக்குள் இருக்கும் விளக்கு எதிர்ப்பக்கம் தள்ளி இருப்பதாகத் தெரிகிறது. இதைப் படித்ததும் எனக்கு விசைப்படகின் வீல் ஹவுஸ் நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்து, சன்னல் சட்டத்தின் வழியே தூரத்து விளக்கைப் பார்ப்பவருக்கும் இருட்டில் கிடைப்பது ஒரு சட்டமும் ஒரு புள்ளியும்தான். ராத்திரியில் அனுபவசாலிகள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பதற்குக் காற்று வாங்குவது மட்டும் காரணமாக இருக்காது.

ரோலோஃப்ஸ் மயக்கத்தில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. புரூஸ் பிரிட்ஜ்மேன் 1990களில் செய்த சோதனைகளில், விளக்கு எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லச் சொன்னால் ஆள் ஏமாறுகிறார். உடனே கையால் சுட்டச் சொன்னால் பலரும் சரியாகச் சுட்டுகிறார்கள். சில நொடி காக்க வைத்துப் பிறகு சுட்டச் சொன்னால் கையும் தவற ஆரம்பிக்கிறது. இதற்கு முன்பே, 1995இல் அக்லியோட்டி, குடேல் முதலியோர் எபிங்ஹாஸ் வட்டங்களுக்குப் பதில் வில்லைகளை வைத்து எடுக்கச் சொன்னார்கள். வாய் ஏமாந்த அளவுக்கு விரல்கள் ஏமாறவில்லை என்றார்கள். கைக்கு ஒரு கண், வாய்க்கு ஒரு கண் என்ற மாதிரி மூளையில் இரண்டு பாதை என்பது அவர்கள் கருத்து. பின்னால் வந்தவர்கள் சோதனையைத் திருத்திச் செய்து, கையும் அதே அளவு ஏமாறுகிறது என்று வாதிட்டார்கள். ரோலோஃப்ஸ் மயக்கத்துக்கு பால் டாசன்வில் சொன்ன விளக்கம் எனக்கு அழகாகப் படுகிறது. பிசகுவது விளக்கின் இடம் கிடையாது, என்னுடைய ‘நேர்’ பிசகுகிறது. கையையும் அதே பிசகிய ‘நேர்’தான் வழிநடத்துகிறது. பார்ப்பதில் ஒரு தவறு, நீட்டுவதில் அதே தவறு எதிராக. இரண்டும் கழிந்து கை சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

எல்லாரும் ஒரே அளவு ஏமாறுவதும் இல்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட சின்னப் பிள்ளைகள் எபிங்ஹாஸ் படத்தில் பெரியவர்களை விடக் குறைவாக ஏமாறுவதாக 2010இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. வடக்கு நமீபியாவில் மாடு மேய்த்து வாழும் ஹிம்பா மக்களும் அப்படியே. அவர்களில் நகர வாழ்க்கையோடு பழகியவர்களுக்கு மயக்கம் கூடுகிறது. சூழலோடு சேர்த்துப் பார்ப்பதும், பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதும் வளரும் விதத்தில் வரும் பழக்கங்கள் போலும். மண்டபம், கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று நம் கரை நெடுக யாராவது ஒரு அட்டைப் பெட்டியும் சில வட்டங்களும் எடுத்துக்கொண்டு, கடலுக்குப் போகிறவர்களிடமும் போகாதவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சீக்கிரம் கேட்க வேண்டும். அடையாளங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது வீடும் ரயிலும் உயிர்களும் போனதைப் பேசுகிறோம். அங்கே நின்ற கட்டடங்களைக் குறியாக வைத்திருந்தவர்களுக்குக் கடலின் வரைபடமும் சேர்ந்து போயிருக்கும். புதிதாகவும் குறிகள் வருகின்றன. ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் டிவி டவர் வெகு தூரத்துக்குத் தெரியும், கணக்குப்படி கடல் மட்டத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளியும் அதன் நுனி அடிவானத்துக்கு மேல்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி செங்குத்தாக மேலே ஏறும். அதைத் தூக்கும் கோபுரங்களும் நல்ல நெட்டுக்குத்தான குறிகள். ஆனால் எட்டே ஒரு குறி இருந்தால் மட்டும் போதாது, கிட்டேயும் ஒன்று வேண்டும். கிட்டத்துக் குறிகள் பெரும்பாலும் பனைகள். ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் ஒரு பனையை வெட்டும்போது, கடலுக்குள் யாரோ ஒருவருடைய பார் தொலைகிறது. வெட்டுகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. எங்கள் மாமாவின் ஒத்தப் பனை இன்னும் நிற்கிறது.

மாமாவிடமும் இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. அது நல்லதுதான், பனி மூட்டத்தில் பனையா தெரியும்? இருந்தாலும் பாருக்கு வந்ததும் ஒரு தடவை கரையைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

படம் மாட்டிய அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்துக்கொண்டே குறை சொன்னாள், “படம் பீரோ பக்கம் போயிருச்சுடா, இவன் டேப்பை நம்பி அடிச்சிட்டான்.” மாமா சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பீரோ விளிம்பிலிருந்து அலமாரி விளிம்பு வரை தரை ஓடுகளை வாய்க்குள் எண்ணினார், எட்டு. நாலாவது ஓடும் ஐந்தாவது ஓடும் சேரும் கோட்டுக்கு நேராகப் போய் வாசல் பக்கம் நின்றுகொண்டார். ஒரு கண்ணை மூடி, அந்தக் கோட்டையும் மேலே ஆணியையும் பார்த்தார். அரைக் காலடி நகர்ந்து மறுபடி பார்த்தார்.

“ஆணி கோட்டு மேலதான் நிக்குது அக்கா” என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னமோ போ, எனக்கு அந்தப் பக்கமாத்தான் தெரியுது” என்றாள்.